21 வயதில் கவுன்சிலர் ஆகலாம். வேலையை யார் கற்றுக்கொடுப்பது?

தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அளப்பது எப்படி? தரங்கம்பாடியை முன்வைத்து ஒரு விளக்கம்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். தரங்கம்பாடி பேரூராட்சி அலுவலகத்தில் மன்றக் கூட்டம். முதல் முறையாக வென்று வந்திருக்கும் 23 வயது கவுன்சிலர் ஒருவர் அஜெண்டாவைப் புரட்டுகிறார். முப்பது பொருள்கள். தெருவிளக்கு பராமரிப்பு, குடிநீர்க் குழாய் பழுது, வடிகால் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஏற்பு... ஒவ்வொன்றையும் அலுவலர் வேகமாக வாசிக்கிறார். “பாஸ்... பாஸ்...” என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. “என்ன தம்பி, சந்தேகம் ஒண்ணும் இல்லையே? அடுத்த பொருளுக்குப் போலாமா?”

தம்பிக்குச் சந்தேகம் நிறைய இருக்கிறது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் கூட்டம் முடிகிறது. வார்டுக்குத் திரும்பினால் தெருமுனையில் ஓர் அம்மா நிறுத்துகிறார். “ஏம்ப்பா, நம்ம தெரு சாக்கடை என்னாச்சு? கூட்டத்துல பேசுனியா இல்லையா?” அந்தச் சாக்கடை அன்றைய அஜெண்டாவில் பதினேழாவது பொருளாக வந்து ‘பாஸ்’ ஆனதே அவருக்குத் தெரியாது.

காட்சி கற்பனைதான். ஆனால், உள்ளாட்சி மன்றத்துக்குள் முதல் தடவை நுழைந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. இவரிடம் குறைவது புத்திசாலித்தனம் அல்ல, நேர்மையும் அல்ல. வேலை தெரியவில்லை, அவ்வளவுதான். கற்றுக்கொண்டால் வந்துவிடும். எதைக் கற்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

எத்தனை பேர்? எந்த வயதில்?

சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கும், 74-ஆவது திருத்தம் நகர அமைப்புகளுக்கும் இந்த வயதை வகுத்தன. தமிழகத்தில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 2016-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இளையவர்கள், அதிலும் இளம்பெண்கள், நேரடியாக அதிகாரத்துக்கு வரக்கூடிய பெரிய வாசல் உள்ளாட்சிதான்.

எண்ணிக்கையும் சிறியதல்ல. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் 91,975 பதவிகளுக்கானது. அதில் 76,746 பேர் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர்கள். 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் 12,838 இடங்கள். அவற்றில் 7,621 பேரூராட்சி வார்டுகள். தரங்கம்பாடி இந்தப் பேரூராட்சிகளில் ஒன்று. அதைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகள், அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் பகுதியாக 2019-இல் வாக்களித்தவை. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

இளையவர்கள் வென்ற உதாரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். 2020 தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டி ஊராட்சிக்கு 21 வயதுக் கல்லூரி மாணவி சந்தியா ராணி தலைவரானார். 2021-இல் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்த இளம்பெண் சாருகலா வென்றார். 2022-இல் 28 வயதான ஆர்.பிரியா சென்னை மேயரானார். பத்திரிகைகள் இவர்களைக் கொண்டாடின. மாலை போட்ட மறுநாள் காலை அந்த நாற்காலியில் உட்காரும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

முன்கூட்டியே தகுதித் தேர்வு வைத்தால் என்ன?

“வேலைக்குப் போறவனுக்கு இன்டர்வியூ இருக்கு. ஊரை ஆள்றவனுக்கு இல்லையா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமாகத்தான் படும். அதைச் செய்து பார்த்தவர்களின் கதையையும் தெரிந்துகொள்வோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதிப் பட்டியலும் அதிலேயே இருக்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேத அறிவு. பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. கடைசி நிபந்தனை இன்றைக்கும் பொருந்தும். மற்றவை? இளைஞர், பெண், நிலமில்லாதவர், வேதம் படிக்க அனுமதிக்கப்படாதவர் என்று ஊரில் பெரும்பாலானோரை அந்தப் பட்டியல் வெளியே நிறுத்தியது.

நம் காலத்தில் ஹரியாணா அதே வழியில் போனது. 2015-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பொதுப்பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதைவிடக் குறைந்த வகுப்பு. ராஜ்பாலா வழக்கில் 2015 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ராஜஸ்தானும் இதேபோன்ற கல்வித் தகுதியைக் கொண்டுவந்தது. 2019-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் அனுப்பப்படாதது தனி மனிதரின் குற்றமல்ல, அதற்காக அவருடைய உரிமையைப் பறிப்பது என்ன நியாயம் என்ற கேள்விதான் அதற்குப் பின்னால் இருந்தது.

அளவுகோல் இரண்டு விதமாகப் பயன்படும். வாசலில் நின்று ஆளை வடிகட்டலாம். உள்ளே வந்தவருக்கு என்ன கற்றுத்தர வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம். ஜனநாயகத்தில் முதல் வேலையைச் செய்ய வேண்டியவர் வாக்காளர். அதை வேறு யாரும் கையிலெடுக்கக் கூடாது. இரண்டாவது வேலைதான் அரசுடையது. இந்தக் கட்டுரை பேசுவது அந்த இரண்டாவது அளவீட்டைப் பற்றி.

எதை அளப்பது?

‘தலைமைப் பண்பு’ என்று மொத்தமாகச் சொன்னால் எதையும் அளக்க முடியாது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் ஒரு பிரதிநிதிக்குத் தேவைப்படுபவற்றை ஆறாகப் பிரிக்கலாம்.

ஒன்று, அதிகாரத்தின் எல்லை. பேரூராட்சியில் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகத்தைச் செயல் அலுவலர் பார்க்கிறார். கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கும் அதிகாரம், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. இதையெல்லாம் தெரியாமல் உட்கார்ந்தால், ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுவோம், இல்லை எதற்கும் பயப்பட மாட்டோம். இரண்டுமே ஆபத்து.

இரண்டு, பணம். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் கட்டுப்பட்டது. மீதி 40 சதவீதத்தைத்தான் உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம். இது தெரியாத இளம் தலைவர், “பணம் இருக்குன்னு சொல்றாங்க, ரோடு போட மாட்டேங்கிறாங்க” என்று அலுவலரோடு சண்டை போடுவார். தெரிந்தவர், “கட்டுப்பாடில்லாத நிதியில மிச்சம் எவ்வளவு?” என்று கேட்பார். எஸ்டிமேட்டும் எம்-புக்கும் படிக்கத் தெரிவது இதன் அடுத்த படி.

மூன்று, திட்டமிடல். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் தயாரிக்கப்பட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் போன வருடத் தாளில் தேதியை மாற்றி எழுதுவதும் உண்டு. வார்டு வார்டாக நடந்து எழுதுவதும் உண்டு. தரங்கம்பாடி வட்டம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் திறந்து எத்தனை நாளில் தண்ணீர் வரும், எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்தக் கைப்பம்பில் உப்புத் தண்ணீர் என்பது திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே அது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

நான்கு, கூட்டம் நடத்துவது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 3,001 முதல் 10,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் குறைந்தது 200 பேர் வர வேண்டும். வந்தவர்களைப் பேசவிடுவதும், கத்துகிறவரைத் தாண்டி அமைதியாக இருப்பவரிடம் கேட்பதும், பேசியதைத் தீர்மானமாக எழுதவைப்பதும் தனித் திறமைகள்.

கடற்கரையில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் வலுவானது. தரங்கம்பாடி இந்தப் பகுதியின் தலைமை மீனவ கிராமமாகக் கருதப்படுகிறது. சுருக்குமடி வலை போன்ற பிரச்சினைகளில் பல கிராமத்தார் கூடி முடிவெடுப்பது இங்கேதான். அந்தப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் பெண்களுக்கு இடமில்லை. அப்படியிருக்க, அதே குப்பத்திலிருந்து 24 வயதுப் பெண் கவுன்சிலராக வந்தால், பஞ்சாயத்தாரை மதித்தும் பேச வேண்டும், தன் பதவியின் உரிமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தப் பாடம் எந்தக் கையேட்டிலும் சுலபமாகக் கிடைக்காது.

ஐந்து, இடர் காலம். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்த ஊர் மறக்காது. 2022 நவம்பர் 11-இல் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ரூ.1,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அப்படியான நேரத்தில் மக்கள் முதலில் கதவைத் தட்டுவது கவுன்சிலர் வீட்டில்தான். எந்தப் பள்ளிக்கூடம் முகாம், யாரிடம் படகு இருக்கிறது, படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில், பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் விடுபட்டவர் யாரிடம் மனு கொடுப்பது என்பவற்றுக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆறு, கணினி. இளையவர்களுக்கு இது தானாக வரும் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. ஊராட்சிக் கணக்குகளும் பணப் பட்டுவாடாவும் இணையதளம் வழியாக நகர்ந்துவிட்டன. ரீல்ஸ் போடத் தெரிவதும், இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் தன் ஊராட்சியின் செலவைத் தேடிப் படிப்பதும் ஒன்றல்ல. தன் கடவுச்சொல்லையும் மின்னணுக் கையொப்பத்தையும் “நீங்களே பாத்துக்குங்க அண்ணே” என்று இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தான்.

எப்படி அளப்பது?

பயிற்சித் தேவை மதிப்பீடு என்பது பெரிய அறிவியல் அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள். இது உங்கள் பதவிக்கு எவ்வளவு முக்கியம்? இதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்ய முடியும்? இரண்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது இடைவெளி. அது எங்கே அதிகமோ அங்கேதான் பயிற்சி முதலில் வேண்டும்.

உதாரணத்துக்கு ஓர் இளம் கவுன்சிலர் ‘மதிப்பீட்டு அறிக்கை படிப்பது’ என்பதற்கு முக்கியத்துவம் 5, திறன் 1 என்று போட்டால் இடைவெளி 4. ‘மக்களிடம் பேசுவது’ முக்கியத்துவம் 5, திறன் 4 என்றால் இடைவெளி 1. இவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் மேடைப் பேச்சு சொல்லிக்கொடுப்பது வீண். நமது பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி நடப்பது அதுதான்: யாருக்கு எது தெரியும் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே உரை.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. தனக்குத்தானே மதிப்பெண் போடச் சொன்னால், தைரியமான பையன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிடுவான். பத்து வருடம் சுயஉதவிக் குழுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதிய பெண், “எனக்கு என்னங்க தெரியும்” என்று இரண்டு போடுவார். ஆகவே வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஒரு பழைய எஸ்டிமேட்டைக் கொடுத்து, இதில் எத்தனை மீட்டர் வடிகால், என்ன விலை என்று கேட்கலாம். உண்மையான கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கலாம். தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அவர் எதையாவது எதிர்த்தாரா, திருத்தம் சொன்னாரா என்று தெரியும். வார்டு மக்களில் பத்துப் பேரிடம் விசாரிக்கலாம்.

இன்னொரு நிபந்தனையும் வேண்டும். இந்த மதிப்பெண் பத்திரிகைக்கோ கட்சிக்கோ போகக் கூடாது. போனால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். “எனக்கு பட்ஜெட் புரியல” என்று ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லும் இடத்தில்தான் கற்றல் தொடங்கும்.

இப்போது என்ன பயிற்சி கிடைக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஊரக உள்ளாட்சிக்குச் சென்னை அருகே மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இருக்கிறது. டெல்டாவுக்குப் பக்கத்தில் பட்டுக்கோட்டையில் மண்டல நிறுவனம் இருக்கிறது. நகர்ப்புறத்துக்குக் கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய கிராம் ஸ்வராஜ் அபியான் 2018 முதல் பயிற்சிக்குப் பணம் தருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஆறு மாதத்துக்குள் அடிப்படைப் பயிற்சி, இரண்டு ஆண்டுகளுக்குள் புத்தாக்கப் பயிற்சி என்பது அதன் வழிகாட்டு நெறி.

2025 பிப்ரவரியில் மத்திய ஊராட்சி அமைச்சகம் வெளியிட்ட அதிகாரப் பகிர்வுக் குறியீட்டில் கர்நாடகம், கேரளத்துக்கு அடுத்து தமிழகம் மூன்றாம் இடம். பணிகளைக் கீழே ஒப்படைப்பதில் முதலிடம். ஊராட்சியிடம் வேலை நிறைய ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றால், அந்த வேலையைச் செய்யப் பழக்கும் பொறுப்பும் அதே அளவு பெரிது.

அடிப்படைப் பயிற்சிக்கு ஆறு மாதம் என்ற கெடுவையும் யோசிக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில்தான் ஒப்பந்ததாரர் அறிமுகமாகிறார், ‘இங்கே எல்லாம் இப்படித்தான்’ என்ற பாடமும் நடக்கிறது. அரசு சொல்லித்தராத இடத்தில் வேறு யாரோ சொல்லித்தந்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்குப் பிறகு நடப்பதும் முக்கியம். பயிற்சியின் பலனை நான்கு படிகளில் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, ஊருக்குப் போய் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே நிற்கிறோம். கடைசி நாள் ஒரு படிவம், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, சாப்பாடு நன்றாக இருந்தது என்ற திருப்தி. ஆறு மாதம் கழித்து அந்த ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதுதான் மூன்றாவது படி.

குத்தம்பாக்கம் சொல்லும் பாடம்

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான ஆர்.இளங்கோ, வேதிப் பொறியியல் படித்தவர். ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர். வடிகால் பணியில் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டிலிருந்து விலகி, மலிவாகக் கிடைத்த கிரானைட் கழிவுக் கற்களைப் பயன்படுத்தினார். பணம் மிச்சமானது. ஆனால் நடைமுறையை மீறியதாக இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. பின்னர் மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குச் சொல்லித்தர ‘பஞ்சாயத்து அகாதமி’ என்ற அமைப்பையே தொடங்கினார்.

படிப்பும் நேர்மையும் உழைப்பும் இருந்த ஒருவரையே நடைமுறை அறிவு என்ற ஒற்றை இடைவெளி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. தலைவர்களுக்குச் சிறந்த ஆசிரியர் இன்னொரு தலைவர்தான் என்பதும் இதிலேயே இருக்கிறது.

பயிற்சியால் தீராதவை

எல்லாக் கோளாறுக்கும் பயிற்சியை மருந்தாகச் சொல்வது இன்னொரு தவறு. மதிப்பீடு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது: இவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்யவிடவில்லையா?

தரங்கம்பாடியிலிருந்து வெகுதூரம் இல்லாத கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு பெண் தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். 1997-இல் மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டதை மறக்க முடியாது. இவர்களுக்கெல்லாம் ‘தலைமைப் பண்புப் பயிற்சி’ கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்வது கேலி. அங்கே தேவை வழக்கும் பாதுகாப்பும். பயிற்சி வேண்டுமென்றால் அது நாற்காலி கொடுக்காதவர்களுக்கு.

பெண் பிரதிநிதிக்குப் பதில் கணவரோ அப்பாவோ அண்ணனோ கூட்டத்துக்கு வருவதும் அப்படித்தான். இதைப் பற்றி ஆராய்ந்த மத்திய அரசுக் குழு 2025-இல் அறிக்கை தந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பெண் பிரதிநிதிகளுக்கான தனிப் பயிற்சி இயக்கமும் தொடங்கப்பட்டது. பயிற்சி உதவும். கூடவே “மேடம் எங்க? அவங்க வந்தாத்தான் கூட்டம்” என்று சொல்லும் அலுவலரும் வேண்டும்.

பணம் இன்னொரு காரணம். 2023-இல் உயர்த்தப்பட்ட பிறகும் பேரூராட்சி உறுப்பினரின் மதிப்பூதியம் மாதம் ரூ.2,500. கடலுக்குப் போகிற இளைஞர் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால் மூன்று நாள் வருமானம் போச்சு. வகுப்புக்கு வராதவரை ஆர்வமில்லாதவர் என்று எழுதிவிட்டால் கணக்கு தப்பு.

மற்ற ஊர்களில் எப்படி?

பிலிப்பைன்ஸில் ஊர் அளவில் ‘சங்குனியாங் கபாட்டான்’ என்ற இளைஞர் மன்றம் உண்டு. 15 முதல் 30 வயதுள்ளவர்கள் வாக்களிப்பார்கள். 18 முதல் 24 வயதுள்ளவர்கள் போட்டியிடலாம். ஊர் அமைப்பின் பொது நிதியில் பத்தில் ஒரு பங்கு இந்த மன்றத்துக்கு. கட்சிக் குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தி வளைத்துக்கொள்கின்றன என்ற புகார் நெடுநாள் இருந்தது. 2016-இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர்கள் நிற்கத் தடை. வென்றவர் பதவியேற்கும் முன் கட்டாயப் பயிற்சி. அங்கே தேர்வு வைத்து வேட்பாளரை வடிகட்டவில்லை. வென்றவரைப் பயிற்றுவித்து நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள்.

பக்கத்தில் கேரளம். 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோதே உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அலுவலர்களுக்கும் ஊர்த் தன்னார்வலர்களுக்கும் சேர்த்துப் பெரிய அளவில் பயிற்சி நடந்தது. திருச்சூரில் உள்ள கேரள உள்ளாட்சி நிர்வாக நிறுவனம் அதைத் தொடர்ந்து செய்துவருகிறது. 2020 டிசம்பரில் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானபோது, அவரைத் தாங்கிப்பிடிக்க அப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது.

தரங்கம்பாடிக்கு ஏற்ற பயிற்சி

முதலில் நாட்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற பிரதிநிதிக்கு வகுப்பு அப்போதுதான் தோது. வயல் பக்கம் சம்பா அறுவடை முடிந்து குறுவைக்கு முன்னால் உள்ள மாதங்கள். இரண்டும் சேரும் இடம் ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும். அக்டோபர், நவம்பரில் மழை அடிக்கும்போது பயிற்சி வைத்தால் யார் வருவார்கள்?

அடுத்து இடம். மறைமலைநகருக்குப் போய்த் தங்கிப் படிப்பது கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்குச் சுலபமல்ல. பொறையாரில் கல்லூரி இருக்கிறது, செம்பனார்கோவிலில் ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும்படி வைக்கலாம். மூன்று நாள் ஒரேயடியாக வைப்பதைவிட மாதம் ஒரு நாள், ஒரு நாளுக்கு ஒரு வேலை. ஒரு மாதம் எஸ்டிமேட், அடுத்த மாதம் கிராம சபை, மழைக்கு முன் முகாம் ஒத்திகை. கற்றதை ஊரில் செய்து பார்த்துவிட்டு அடுத்த மாதம் வந்து, “அங்க மாட்டிக்கிட்டேன்” என்று சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும்.

பாடமும் இந்த மண்ணுடையதாக இருக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தெரியாமல் கரையோரம் ஒரு வலை பின்னும் கூடத்துக்கு வாக்குறுதி கொடுத்துவிட்டால் பிறகு விழிக்க வேண்டியதுதான். 1620-இல் எழுந்த டேனிஷ் கோட்டை இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றுலாப் பயணியும் மீன் காயப்போடும் அம்மாவும் ஒரே கரையைப் பங்குபோடும் ஊர் இது. அந்தச் சிக்கலை எடுத்துவைத்து விவாதித்தால் அதுவே நல்ல பாடம்.

கடைசியாக, தனியாக விடக் கூடாது. இரண்டு முறை பதவியில் இருந்து நல்ல பெயர் எடுத்த முன்னாள் தலைவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருப்பார்கள். ஒரு புதியவருக்கு ஒருவர் என்று கைகோத்துவிட்டால், “அண்ணே, இந்த பில்லுல கையெழுத்துப் போடலாமா?” என்று ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட ஓர் ஆள் கிடைக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

வாக்காளருக்கும் இதில் வேலை உண்டு. அடுத்த தேர்தலில் உங்கள் வார்டில் ஓர் இளைஞர் வென்றால், மூன்று மாதம் கழித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பயிற்சிக்கு அழைத்தார்களா? எதில் உங்களுக்கு உதவி வேண்டும்? போன கூட்டத்தில் நம் வார்டு பற்றி எந்தப் பொருள் வந்தது?

முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது அவர் குற்றமல்ல. கிராம சபையில் அதையே ஒரு தீர்மானமாகப் போடலாம், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு மனு எழுதலாம். இரண்டாவதற்கு அவர் உண்மையாகப் பதில் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். மூன்றாவதற்கு அவர் அஜெண்டாவை எடுத்து, “பதினேழாவது பொருள், நம்ம தெரு வடிகால். எஸ்டிமேட்ல நீளம் குறைவா இருந்துச்சு, திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன்” என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு வேலை தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.